ஆறு புத்தகங்களை வெட்டிய டீச்சர்

நதீரா டீச்சருக்கு நியமனம் கிடைத்து ஆறாவது மாதத்தில் கச்சான் காற்று வந்து அவளுடைய குட்டை உடைத்தது.

அதுவரை கல்முனைக் கடற்கரைப் பக்கம் அவள் வகுப்பைப் பற்றி நல்ல பேச்சுத்தான். முதலாம் ஆண்டில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள். வாசிக்கச் சொன்னால், “மாமரம் பார், மரத்தில் அணில் பார்” என்று கூரை ஓடு அதிர வாசிப்பார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இப்படிப் படிப்பிக்கிறாளே என்று அதிபர் அப்துல் ஹமீட் சேர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். நதீராவுக்கும் தலைகால் புரியவில்லை.

எண்பத்தொன்றாம் ஆண்டு, நோன்பு லீவுக்கு முந்திய மாதம். மேற்கே வயல்வெளியிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று அரைச்சுவரைத் தாண்டி வகுப்புக்குள் புகுந்து, எல்லாப் புத்தகங்களின் தாள்களையும் படபடவென்று புரட்டியது. ஒருத்திக்குக் கடைசிப் பக்கம் வந்தது, இன்னொருத்திக்கு முன்னட்டை. பிள்ளைகளின் வாய் மட்டும் நிற்கவில்லை. “அணில் ஓடும், அணில் தாவும்” என்று ராகம் பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. சரீப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விட உரத்து வாசித்தான்.

நதீரா வாசிப்பை நிறுத்தினாள். கரும்பலகையில் ‘அணில்’ என்று எழுதி, “இது என்ன?” என்று கேட்டாள். முப்பத்தெட்டுப் பேரும் முழித்தார்கள்.

“நீங்க இன்னும் படம் கீறல்லயே டீச்சர்” என்றாள் முன்வரிசை வாங்கில் இருந்த றம்ஸியா.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? விடியற்காலையில் குர்ஆன் ஓதுகிற பள்ளியில் லெப்பை சொல்லிக் கொடுக்க, சூறாக்களை மனனம் செய்துவிட்டு அதே வாயோடு எட்டு மணிக்கு இங்கே வருகிறார்கள். அங்கே அது சரி. நதீராவும் அப்படி ஓதி வந்தவள்தான். காதால் கேட்டதைக் கப்பென்று பிடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே பக்கத்தை மாதக்கணக்கில் பாடிக் காட்டினால், எழுத்தைப் பார்க்க அவர்களுக்கு என்ன தலைவிதியா? குற்றம் தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் உம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அலுமாரியில் மிச்சமாகக் கிடந்த ஆறு வாசிப்புப் புத்தகங்களைச் சொல் சொல்லாக வெட்டி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக் குலுக்கினாள். அந்த நேரம் பார்த்து அதிபர் எட்டிப் பார்த்தார்.

“அல்லாஹ்! என்ன புள்ள செஞ்சி வெச்சிரிக்கீங்க? இது அரசாங்கம் சும்மா தந்த புத்தகம். சீல் குத்தி வந்த சாமான்!”

“சேர், இவங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியா. பாட்டுத்தான் தெரியும்.”

“பாட்டாவது தெரியுதே! கல்வி அதிகாரி வந்து இதப் பாத்தா உங்கட வேலய நிரந்தரமாக்குவாரா? யானை வாற காட்டுப் பக்கமாப் பாத்து ஒரு பள்ளிக்கு மாத்திப் போடுவாரு. வாப்பா இல்லாத ஊடு. உங்கட சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. யோசிச்சீங்களா?”

“யோசிச்சன் சேர்” என்றாள் நதீரா. பச்சைப் பொய். யோசித்திருந்தால் கத்தரிக்கோலைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

அன்றிலிருந்து வகுப்பில் பாட்டு நின்றது. டின் கைக்குக் கை போகும். ஆளுக்கொரு துண்டு எடுக்க வேண்டும். அதே சொல் யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு முற்றத்து மணலில் அதை விரலால் எழுத வேண்டும். முதல் பத்து நாளும் ஒன்றும் நடக்கவில்லை, இரைச்சலைத் தவிர. பக்கத்து வகுப்பு மாஸ்டர் இரண்டு தரம் வந்து முறைத்துவிட்டுப் போனார். நதீரா இரவில் படுத்தால் யானைதான் கனவில் வந்தது.

பதினோராம் நாள் றம்ஸியா ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ம...” என்றாள். “ர...” என்றாள். மூச்சை இழுத்து, “ம்...” என்றாள். பிறகு கத்தினாள் பாருங்கள் ஒரு கத்து! “மரம்! டீச்சர், இது மரம்!” நதீரா தடுப்பதற்குள் முற்றத்துக்கு ஓடி, வேப்பமரத்தின் அடியில் அந்தத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இதுட பேர்தான் இதுல எழுதியிரிக்கு!” என்று குதித்தாள். வகுப்பு முழுவதும் அவள் பின்னால் ஓடியது. நதீராவும் ஓடினாள். டீச்சர் ஓடலாமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள்.

அதன் பிறகு பிடிக்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு வந்தது, ஒரு கிழமையில் எட்டுப் பேருக்கு வந்தது. நோன்பு லீவு முடிந்து வந்தபோது ஊரே அவர்களுக்குப் புத்தகமாகி இருந்தது. பள்ளி விட்டதும் பெரிய ரோட்டில் வரிசையாக நின்று, வருகிற பஸ்ஸின் போர்ட்டைப் பார்த்து, “அக்... க... ரைப்... பற்று!” என்று கூவினார்கள். தோணிகளின் பெயர்களைக் கூட விடவில்லை. சரீபின் உம்மா சல்மா உம்மா முறைப்பாட்டோடு வந்தாள்.

“டீச்சர், இவன் சோறு தின்றான் இல்ல. உரச் சாக்குக்கு முன்னால குந்திக்கிட்டு ‘யூ... ரி... யா’ எண்டு ஓதிக்கிட்டு இரிக்கான். புள்ளைக்கு என்ன செஞ்சீங்க?”

நதீராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறு கிழமை கல்வி அதிகாரி வந்தார். வெள்ளைக் காற்சட்டை, தடித்த மீசை, இடி மாதிரிக் குரல். வந்ததும் வராததுமாகப் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

“இதென்ன பிள்ளை? புத்தகத்தை எலி அரிச்சதோ?”

“இல்ல சேர். நான்தான் வெட்டினன். வாசிக்கப் பழக்கிறதுக்கு.”

“எத்தனை புத்தகம்?”

“ஆறு சேர்.”

அதிகாரி டின்னை மூடினார். தன் பையிலிருந்து பிள்ளைகள் கண்ணால் காணாத ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து விரித்து, சரீபின் முகத்துக்கு நேரே பிடித்தார். “வாசி!”

சரீப் மீசையைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அடுத்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதற்கடுத்தது அழுதது. பஸ் போர்ட்டை வாசித்த வாய், உரச் சாக்கை வாசித்த வாய், ஒன்று கூடத் திறக்கவில்லை. அதிபருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, பின்னால் நின்றபடி மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

“மாமரம் பார்...”

அவ்வளவுதான். பயந்து கிடந்த பிள்ளைகளுக்குப் போன உயிர் வந்தது. “மரத்தில் அணில் பார்! அணில் ஓடும், அணில் தாவும்!” என்று பழைய ராகத்தில் முழங்கித் தீர்த்தார்கள். ஒரு கண் கூடப் புத்தகத்தில் இல்லை. அதிகாரி விரித்துப் பிடித்திருந்த பக்கத்தில் அணிலும் இல்லை, மாமரமும் இல்லை. நதீரா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று.

“விளங்குது” என்றார் அதிகாரி. நதீராவின் மேசையில் உட்கார்ந்து, வருகிற அதிகாரிகள் கருத்து எழுதிவிட்டுப் போகிற பெரிய லொக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அச்சடித்தது போல உருட்டி உருட்டி எழுதுகிற கை அவருக்கு. அவசரமில்லாமல் எழுதத் தொடங்கினார். தன்னை வாசிக்கச் சொல்லாமல் அவர் உட்கார்ந்துவிட்டதாலோ என்னவோ, றம்ஸியா வாங்கைவிட்டு இறங்கி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கூப்பிட்டு இருத்த நதீராவுக்குத் தெம்பில்லை.

“முத... லாம்... ஆண்... டுப்...” என்றது ஒரு சின்னக் குரல்.

அதிகாரி கவனிக்கவில்லை.

“பிள்... ளை... களுக்கு...”

பேனை மெதுவாகியது.

“வா... சிக்... கத்...”

பேனை நின்றுவிட்டது. றம்ஸியா சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். “மறுகா? மத்தச் சொல்லையும் எழுதுங்க சேர்” என்றாள்.

அதிகாரி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு அடுத்த சொல்லை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். றம்ஸியா மேசையில் நாடியை ஊன்றி, எழுத்துக்கு எழுத்து அவருடைய பேனையோடு போனாள்.

“தெ... ரி... யா... து. தெரியாது!” என்று கை தட்டினாள். டீச்சர் பழக்கியபடி தொடக்கத்தில் விரலை வைத்து, வரி முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தாள்: “முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது.” வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“ஆருக்கு சேர் தெரியா?”

சரீப், “எங்க, எங்க, நானும் பாக்கட்டும்” என்று எழும்பி ஓடினான். அவனுக்குப் பின்னால் வாங்குகள் எல்லாம் காலியாகின. அதிகாரியின் தோளிலும் முதுகிலும் பிள்ளைகள். லொக் புத்தகத்தின் மேல் பத்து இருபது விரல்கள். “வா... சிக்...” “நீ தள்ளு, நான் வாசிக்கிறன்!” அதிகாரியின் மீசை துடித்தது. முதலில் கோபம் என்றுதான் நதீரா நினைத்தாள். வயிறு குலுங்கிய பிறகுதான் மனிதர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதிய வரியை ஒரே இழுப்பில் வெட்டினார்.

“சரி, சரி. வேற எழுதுறன். தள்ளி நில்லுங்கோ, கையை அசைக்க விடுங்கோ.” பிறகு நிமிர்ந்து நதீராவைப் பார்த்தார். “ஆனால் ஆறு புத்தகம் வெட்டினதையும் நான் எழுதத்தான் வேணும், பிள்ளை.”

“எழுதுங்க சேர்” என்றாள் நதீரா. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை. “கொஞ்சம் பெரிசா எழுதுங்க. பின்னுக்கு நிக்கிற புள்ளைகளுக்கும் தெரியட்டும்.”