முப்பத்தாறு அடிக்கச் சொன்னவள்

1

இந்தக் கதையை நானாக விரும்பி எழுதவில்லை. ஏச்சு வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர்காவற்றுறையில் நாங்கள் இருவரும் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில், இடைவேளை நேரம், கணித ரீச்சர் மீனலோசனி என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னார்:

“நீர் பெரிய எழுத்தாளர் எண்டு திரியிறீர். கடலைப் பற்றி எழுதுறீர், மழையைப் பற்றி எழுதுறீர். ஒரு கார் ரயருக்கு எவ்வளவு காத்து அடிக்கவேணும் எண்டு எழுதும் பாப்பம்.”

நான் சிரித்தேன். அது பிழை. அதற்கு முந்திய பிழை ஒன்றும் உண்டு. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன், அதற்குள் மனம் மாறாவிட்டால்.

(பள்ளிக்கூடத்தில் அவர் எனக்கு அக்கா. ‘நீங்கள்’ என்றுதான் கதைப்பேன். கதைக்குள் ‘அவள்’ என்று எழுதலாமா என்று கேட்டேன். “எழுதும். ‘அவர்’ எண்டு போட்டால் என்ர மனுசன் செய்தவர் எண்டு ஆக்கள் நினைச்சிடுவினம்” என்றார்.)

2

தொடக்கங்கள்:

பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் வெள்ளித் தகடாகப் பரந்து கிடந்த அந்த மதியத்தில் —

வெட்டிவிட்டேன். இதை வாசித்த மீனலோசனி, “நான் உமக்குக் கடலைப் பற்றிச் சொன்னனானோ?” என்று கேட்டாள்.

பெண்களின் சொல் ஏறாத சபைகள் பல உண்டு. அவற்றுள் —

இதுவும் சரிவரவில்லை. மேடைப்பேச்சு. அவளுக்கு நடந்தது சபையில் அல்ல, சொந்த வீட்டு முற்றத்தில்.

சரி, முற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். நாரந்தனையில் அவளுடைய வீடு. கணவன் சிவகுமரன் தபால் கந்தோரில் வேலை. ஒரே மகள் கம்சிகாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த முற்றத்துக்கு ஒரு பழைய யப்பான் கார் வந்தது. வாங்கிக் கொடுத்தவர் கனடாவிலிருக்கும் சிவகுமரனின் அண்ணன் பாலசிங்கம். ஆகவே காரைப் பற்றிய கடைசிச் சொல்லும் அவருடையதாகவே இருந்தது.

கார் வந்த கிழமையே மீனலோசனி சாரதிக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளைக் கண்டாள். யப்பான் எழுத்து. கைப்போனால் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தாள். ரயருக்குள் இருக்கவேண்டிய காற்றின் அளவு. ஆட்கள் குறைவென்றால் 230. கார் நிறைய ஆட்களும் சாமானுமென்றால் பின்சில்லுகளுக்கு 250. கிலோபாஸ்கல். இங்கே காற்று அடிக்கிறவர்கள் பேசும் அளவுக்கு மாற்றினால் முப்பத்துமூன்று, முப்பத்தாறு. அவள் பத்தாம் வகுப்புக்குக் கொடுக்கிற கணக்கைவிடச் சுகமான கணக்கு. இரண்டு எண்களையும் கொப்பித்தாளில் எழுதிக் காருக்குள் ஒட்டினாள்.

சிவகுமரன் அதைக் கிழித்தான். “காருக்குள்ளயும் கணக்குப் பாடம் வேண்டாம்.”

அதற்குப் பிறகு அந்தக் காருக்கு ஆளாளுக்கு ஒரு எண். ரயர் ஒட்டுகிற பஸ்ரியாம்பிள்ளை கேளாமலே நாற்பது அடிப்பார்: “எங்கட ரோட்டுக்கு இதுதான் ரீச்சர் தாங்கும்.” பாலசிங்கம் போனில் முப்பத்திரண்டு என்பார். சிவகுமரனுக்கென்று ஒரு எண் இருந்ததில்லை. கடைசியாகக் கதைத்த ஆம்பிளை எதைச் சொன்னாரோ அதுதான் அவனுடைய எண். மீனலோசனி மட்டும், தூரப் பயணம் போகிற நாட்களில், காலையில் கடைக்குப் போய் முன்னுக்கு நின்று முப்பத்தாறு அடிப்பித்துக்கொண்டு வருவாள்.

3

ஆடி மாதம் பாலசிங்கம் மனைவி பத்மாசனியோடும் மகள் ஹம்சத்வனியோடும் வந்திறங்கினார். நயினாதீவு அம்மனுக்குப் பொங்கல் நேர்த்தி. குறிகட்டுவான் வரை காரில் போய், அங்கிருந்து படகு.

அன்று காலையும் மீனலோசனி கடைக்குப் போய் முப்பத்தாறு அடிப்பித்திருந்தாள். வெளிக்கிடப் பதினொரு மணியாகிவிட்டது. பின்பெட்டியில் பானை, அரிசி, இரண்டு சாக்கில் தேங்காய், பழக்கூடைகள். ஆட்கள் ஆறு பேர். ஐந்து பேருக்கான கார் பின்பக்கம் தாழ்ந்து நின்றது.

பாலசிங்கம் குனிந்து ரயரைக் குத்திப் பார்த்தார். “என்னடா தம்பி, கல்லுமாதிரி இருக்கு. இந்த வெய்யிலுக்கு உள்ளுக்குக் காத்து விரியுமெல்லே. வெடிச்சுப் போகும். இறக்கி விடு.”

சிவகுமரன் ஈர்க்கு ஒன்றை முறித்து வால்வில் குத்தினான். காற்று சீறிக்கொண்டு போனது.

“அண்ணை, விரியிறதையும் கணக்குப் பாத்துத்தான் அந்தத் தாளில போட்டிருக்கிறாங்கள்” என்றாள் மீனலோசனி. “பாரம் கூடினால் காத்தும் கூடவேணும். குறைஞ்சால்தான் ரயர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகும்.”

“நான் முப்பது வருசமாக் கனடாவில ஓடுறன், பிள்ளை.”

“கனடாவில இப்பிடி ஆறு பேரும் தேங்காய்ச் சாக்குமோ ஏத்தி ஓடுறனீங்கள்?”

ஹம்சத்வனி சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் சிவகுமரனுக்குச் சுட்டிருக்க வேண்டும். “மீனா, பேசாமல் ஏறும். நல்ல காரியத்துக்குப் போகேக்க வாய் வைக்காதையும்.” சொல்லிக்கொண்டே மற்றப் பின்சில்லுக்கும் ஈர்க்கைக் குத்தினான்.

அவள் தன்னிடமிருந்த காற்றுமானியை வைத்துப் பார்த்தாள். இருபத்திநாலு. காட்டினாள். ஒருவரும் பார்க்கவில்லை. ஏறினாள்.

* ஏன் ஏறினாள்? இந்த இடத்தில் ஒரு நீண்ட பந்தி எழுதியிருந்தேன்: விருந்தாளிகள் முன் சண்டை வேண்டாமென்ற எண்ணம், நேர்த்தி, மகள், இருபது வருடப் பழக்கம். அவள் பேனையால் குறுக்கே கோடு இழுத்தாள். “ஏறினனான். அவ்வளவுதான். என்ர பிழையை மெழுகாதையும்.”

4

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற பாலத்தில் சோளகக் காற்று ஆளைத் தள்ளும். அன்றைக்கு ராசா என்ற கடற்தொழிலாளி சைக்கிளை ஓடாமல் உருட்டிக்கொண்டுதான் போனார். பின்கரியரில் நண்டுப் பெட்டி. ரோட்டின் இடது கரையோரம்.

பின் இடது ரயர் வெடித்தது.

(சத்தத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய்யாகக் கேட்டன. “சத்தத்தை விடும்” என்றாள். “அதுக்குப் பிறகு நடந்ததை எழுதும்.”)

கார் இடப்பக்கம் இழுத்தது. சிவகுமரன் திருப்ப, பின்பக்கம் சுழன்று ராசாவையும் சைக்கிளையும் சேர்த்து அடித்துக் கரைக்கல்லோடு போய் நின்றது. நிற்பதற்கு முன்பே, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, முன் இருக்கையிலிருந்து பாலசிங்கம் சொன்னார்:

“ஆணி.”

வெளியே ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான். உள்ளே காரணம் ஆயத்தமாகிவிட்டது. அந்த ஒரு சொல்லை அவள் எனக்கு எத்தனையோ தரம் சொல்லிக் காட்டியிருக்கிறாள், ஒவ்வொரு தரமும் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள்தான் முதலில் இறங்கி ஓடினாள். நண்டுகள் தார் ரோட்டில் நாலாபக்கமும் ஊர்ந்துகொண்டிருந்தன. ராசாவின் வலது கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நான் கரையிலதானே பிள்ளை வந்தனான்?”

“ஓம் அண்ணை. கரையிலதான் வந்தனீங்கள்.”

5

தொடை எலும்பு முறிவு. தகடு வைத்தார்கள். ஆறு மாதம் கடலுக்குப் போக ஏலாது என்றார்கள்.

வீட்டில் ஆணி இரண்டு நாள்தான் இருந்தது. ஆணியைத் தேடி ஒருவரும் காணாததால், மூன்றாம் நாள் அது சைக்கிளாக மாறியது. “அந்தாள் சைக்கிளைக் குறுக்க விட்டவர், தம்பி காரை வெட்டினவன், அதிலதான் ரயர் போனது.” பாலசிங்கம் சொன்னார். சிவகுமரன் பொலிசில் அப்படியே சொன்னான். பத்மாசனியும் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து, “அம்மாள்தான் எங்களைக் காப்பாத்தினவ” என்று திருநீறு பூசினாள்.

“அந்த மனுசனை ஆர் காப்பாத்தினது?” என்று கேட்டாள் மீனலோசனி. பத்மாசனி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தாள்.

* ரயர் பழையதில்லையா, முப்பத்தாறு அடித்திருந்தாலும் வெடித்திருக்காதா என்று கேட்கிற வாசகர் இருப்பார். நானும் கேட்டேன். “வெடிச்சிருக்கலாம்” என்றாள். “ரயரும் பழசு, காத்தையும் இறக்கினனாங்கள், ஆக்களையும் அடைஞ்சனாங்கள் எண்டு சொல்லட்டும். ஆர் வேண்டாமெண்டது? அந்த மனுசனில ஏன் போடுவான்?”

இனி என் பிழை. அந்தக் கிழமை அவள் என்னிடம் வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டாள். இந்தக் கதையின் முதற்படியில் அதற்கான பதிலைப் பிரசாந்தன் என்றொரு ஆசிரியர் சொல்வதாக எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, “பிரசாந்தன் ஆர்?” என்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவர் இல்லை. பதில் சொன்னவன் நான்தான்:

“விடுங்கோ அக்கா. குடும்ப விசயம். அந்தாளுக்கு உயிர் தப்பினதுதானே.”

6

அவள் விடவில்லை. ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனாள். ராசாவின் மனைவி யோகம்மா கட்டிலருகே நின்றாள். கத்தவில்லை. “ரீச்சர், உங்கட இவர் சொல்லுறார் என்ர மனுசன் குறுக்க ஓடினவர் எண்டு. அண்டைக்கு அடிச்ச காத்துக்கு சைக்கிளில ஏற ஏலுமோ? உருட்டிக்கொண்டெல்லோ போனவர். ஓடினால்தானே குறுக்க விடுறது.”

மீனலோசனி அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கம்சிகா போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவளுடைய சிநேகிதி. “அந்த மாமா சைக்கிளைக் குறுக்க விட்டவர், அப்பா காரை வெட்டினவர், அதிலதான் ரயர் போனது.” சொல் பிசகாமல் பெரியப்பாவின் வசனம். பாடமாக்கிய பிள்ளையின் குரல்.

மீனலோசனி போனை வாங்கி வைத்தாள். “நீ என்னத்தைக் கண்டனி?”

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். அழத் தொடங்கினாள். “அந்த மாமா கரையிலதான் அம்மா வந்தவர். பெரியப்பாதான் இப்பிடிச் சொல்லச் சொன்னவர்.”

“சின்னப்பிள்ளையையும் பழக்கிப் போட்டியளோ!” அந்த வீட்டில் அவள் அவ்வளவு உரத்துக் கத்தியது அதுதான் முதல் தரம். “என்ர சொல்லுத்தான் உங்களுக்கு ஏறாது. ஏறாமல் இருக்கட்டும். என்ர பிள்ளையின்ர வாயில பொய்யை வைக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?”

பாலசிங்கம் கதிரையை விட்டு எழும்பினார். “பிள்ளை, குடும்பத்தை யோசி.”

“அதைத்தான் யோசிக்கிறன்.”

அந்த உடுப்போடேயே பஸ் எடுத்துப் பொலிசுக்குப் போனாள். சிங்களத்தில் எழுதி நீட்டியதில் கையெழுத்து வைக்க மாட்டேனென்று, தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை இரண்டு மணித்தியாலம் மர வாங்கில் இருந்தாள். ஈர்க்கு, இருபத்திநாலு, தேங்காய்ச் சாக்கு, கரையோரம் உருட்டிப்போன சைக்கிள், தான் ஏறியது. எல்லாவற்றையும் சொன்னாள். வாசித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவித்து, ஒப்பம் வைத்தாள்.

7

முடிவுகள்.

முதலாவது: சிவகுமரன் வாட்டுக்குப் போய் ராசாவின் கையைப் பிடித்து அழுகிறான். அதை அவள் பேனையால் அடித்துவிட்டாள். “இவர் எங்க வாட்டுக்குப் போனவர்?”

இரண்டாவது: அவள் மகளோடு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறாள். அதையும் அடித்தாள். “நான் ஏன் போகவேணும்? அது என்ர சீதன வீடு.”

மூன்றாவது: ராசா பெருந்தன்மையோடு எல்லோரையும் மன்னிக்கிறார். அந்தத் தாளை அவள் நாலாகக் கிழித்தாள். “உமக்கு வெக்கமில்லையோ? கால் அவற்ர. மன்னிக்கிறதும் விடுறதும் அவற்ர விருப்பம். உம்மட கதை வடிவாய் முடியிறதுக்கு அவர் மன்னிக்க வேணுமோ?”

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். பாலசிங்கம் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். தம்பியோடு மட்டும் கதைப்பார். ராசா கைத்தடியோடு முற்றம் வரை நடக்கிறார். கடலுக்குப் போகவில்லை. சிவகுமரன் ஒன்றரை மாதம் மனைவியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ‘அம்மாட்டைச் சொல்லு’ என்று மகளைக் கொண்டுதான். போன கிழமை, அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, குசினி வாசலில் வந்து நின்றான்.

“கோட்டில என்னைக் கேட்டால் என்ன சொல்லுறது?”

“நடந்ததை.”

திரும்பிப் போய்விட்டான். வழக்கு வருகிற மாதம்.

“அவர் என்ன சொல்லுவார்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. தெரியாததை நீரும் எழுதாதையும்.”

“அப்ப முடிவை வாசிக்கிற ஆக்களிட்டை விடவோ?”

அவள் கொப்பிக் கட்டைக் கையில் எடுத்தாள். மணி அடித்துவிட்டது.

“விடும். ஆனால் சும்மா விடாதையும். காருக்குள்ள நாங்களே நெருக்கிக்கொண்டுதான் இருந்தனாங்கள். பரவாயில்லை, அவையளையும் ஏத்தும். ஏத்திப்போட்டு, ராசா அண்ணை ரோட்டில கிடக்கேக்க என்ன கண்டனீங்கள் எண்டு கேளும்.”

கேட்கிறேன்.