வடசுவரை இடித்தவள்

பனிமலையின் நெற்றியில் இளங்கதிர் செம்பொன் பூச, ஆற்றுப் பள்ளத்தில் மஞ்சு இன்னும் துயில் கலையாதிருக்க, படிப்படியாய் இறங்கும் மக்காச்சோள வயல்களுக்கு மேலே, முகட்டைப் பற்றிய கழுகின் கூடெனத் தொற்றிநின்றது தாம்லிங் என்னும் நேபாளத்துச் சிற்றூர். அதன் பள்ளிக்கூடம் நிலநடுக்கத்தில் முற்றிய அவரை நெற்றைப்போல் இருபுறமும் பிளந்து வீழ்ந்து ஆண்டு மூன்றாயின. தகரக் கொட்டகையில் குளிரில் நடுங்கியும் வெயிலில் வெந்தும் எழுத்துப் பயின்ற பிள்ளைகளுக்காகச் சப்பான் நாட்டு நல்லோர் பொருள் ஈந்தனர். ஒகாதா என்னும் முதிய பொறியாளரையும் அனுப்பினர். மழைக்குமுன் நாற்சுவரும் எழுந்தால் கூரைத் தகடுகள் மலையேறும். இன்றேல் அவை வேறோர் ஊருக்குப் போகும் என்பது அவர்கள் வகுத்த வரையறை.

அப்பணிக்குத் தலைமைக் கொத்தராய் நின்றவள் மெந்தோ. கணவன் பாலைநாடொன்றில் கூலிக்கு உழைக்க, நிலநடுக்கத்தின்பின் ஊருக்கு வந்த பயிற்சியாளர்களிடம் கல்லடுக்கும் கலையைக் கற்றவள். கொத்துக்கரண்டி பிடித்த பெண்ணென்று நகைத்த ஆடவரைத் தன் தூக்குக்குண்டின் நேர்மையால் வாயடக்கியவள். இரும்புக் கம்பிகளைப் பெற்றுவர ஆற்றங்கரைக்கு இறங்கிய அவள், இரண்டாம் நாள் காலையில் திரும்பியபோது, வடசுவர் மார்பளவு உயர்ந்திருந்தது. ஊரார் முகமெல்லாம் மலர்ந்திருக்க, அவள் மட்டும் சுவரைத் தடவியும் தட்டியும் நடந்து, கடைக்கோடியில் நின்றாள். உள்முகத்தையும் வெளிமுகத்தையும் ஊடுருவிப் பிணைக்கும் நீள்கல் ஒன்றேனும் அதில் இல்லை.

"தாவா, குறுக்குக்கல்லு எங்கடா?" என்றாள் கொழுந்தனை நோக்கி.

"நீளக்கல்லு கெடைக்கல அண்ணி. நாளைக்குக் காலைல அந்தச் சப்பான் ஐயா வர்றாரு. அதுக்குள்ள ஏத்திடணும்னு கட்டிட்டோம். மேல பூசிட்டா எவனுக்குத் தெரியப்போவுது?"

"இடிச்சுடு."

ஊர்த்தலைவர் நோர்சாங் சினந்து எழுந்தார். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? கூரை போச்சுன்னா உன் தலத்துணியையா மேல விரிப்ப?"

"பூமி ஆடுன அன்னிக்குச் சனிக்கிழமைண்ணே. பள்ளிக்கூடம் லீவு. அதான் நம்ம புள்ளைங்க பொழச்சுதுங்க. அடுத்த தடவை பூமி கெழமை பாத்தா ஆடும்?"

எவரும் அசையவில்லை. மெந்தோவே சம்மட்டியை ஓங்கினாள். முதல் அடியில் சுவரின் முகங்கள் இரண்டும் ஒட்டாத உதடுகளாய் விலகிச் சரிந்தன. அதைக் கண்ட தாவா வெளிறிப்போய்க் கடப்பாரையை எடுத்து அவள் அருகே வந்து நின்றான்.

மறுநாள் வந்த ஒகாதா, முழங்காலளவு நின்ற சுவரையும் தலைகுனிந்து நின்ற ஊரையும் மாறிமாறிப் பார்த்தார். நோர்சாங் மழுப்பத் தொடங்கினார். தாவா இடைமறித்தான்.

"ஐயா, தப்பா கட்டுனது நானு. இடிச்சது எங்க அண்ணி. கோவம்னா என்கிட்ட காட்டுங்க."

பல்லாண்டு அம்மலைகளில் உழன்ற முதியவர், அவர்கள் மொழியிலேயே மெல்லச் சொன்னார்: "நான் பொறந்த ஊர்லயும் இப்படி ஒரு சுவர் இருந்துச்சு. அத யாரும் இடிக்கல." குனிந்து, இடிந்த சுவரின் கல்லொன்றைத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்தார். "கூரைத் தகட்ட வேற ஊருக்கு அனுப்பாம ஏழு நாள் நிறுத்தி வைக்கச் சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

"ஏழு எதுக்குங்க? ஆறு போதும்," என்றாள் மெந்தோ. ஊர் திகைத்து, பின் வாய்விட்டுச் சிரித்தது.

அந்த ஆறு நாளும் மலைப்பாதை எறும்பின் நிரையாயிற்று. நெற்றிப்பட்டையில் கல் சுமந்த மகளிரும், நீள்கல் தேடி ஓடைகளைத் துழாவிய ஆடவரும், கிண்டிய மாவுக்களியை மரநிழலிலேயே உண்டு, மீண்டும் எழுந்தனர். நோர்சாங்கும் முதுகு வளைந்து மணல் சுமந்தார். ஆறாம் நாள் அந்தியில் நாற்சுவரும் நேர்நின்றன; இரு வாரத்தில் கூரையின் கடைசி ஆணியும் இறங்கியது. இறங்கிய அப்பொழுதே மாமழை மலையை முட்டி வீழ்ந்தது. ஊரே ஆரவாரித்து உள்ளே புகுந்தது. நனைந்த ஆடையுடன் வாயிலில் தயங்கினாள், தன் வாழ்நாளில் ஒருநாளும் பள்ளி சென்றறியாத மெந்தோ.

"என்ன அண்ணி நிக்கிறீங்க? மொத பெஞ்சு உங்களுக்குத்தான்!" என்று கூவினான் தாவா.

அவள் சென்று அமர்ந்தாள். பிள்ளைகள் அவளை நெருக்கிக்கொண்டு அமர்ந்தனர். வெளியே மழை இடியொலியுடன் பெய்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு துளியும் இறங்கவில்லை. ஈகை கடல்கடந்தும் வரும். ஆயினும் அதை வாங்கும் கை மெய்ம்மையின் கையாய் இருந்தாலன்றோ அது கல்லாய் நிலைக்கும், கல்வியாய்த் தழைக்கும்!