இரண்டு பச்சை

கேத்தரினுக்குக் கண் போய்விட்டது என்று மேனேஜர் அருணகிரி சொல்லிப் பத்து நாள் ஆகிறது. ஒருத்திக்குக் கண் போய்விட்டது என்று தோன்றினால் டாக்டரிடம் அனுப்பலாம். அவர் அனுப்பியது ஒரு கடிதத்தை. 'என் கவனக்குறைவால் ஷேடு மாறியது. இனி பேக்கிங் பிரிவில் வேலை செய்யச் சம்மதிக்கிறேன்' என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு விட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தக் கோட்டில் அவள் பெயர் ஏற வேண்டும்.

ராணிப்பேட்டையில் இருக்கிற அந்தத் தோல் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக ஷேடு பார்க்கிறவள் அவள். ஷூ கம்பெனிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய நிறத்தில் ஒரு தோல் துண்டை அனுப்புவார்கள். அதற்கு மாஸ்டர் கட்டிங் என்று பெயர். அதே நிறம் தொழிற்சாலைத் தோலிலும் வருகிற வரைக்கும் கலரைக் கூட்டிக் குறைத்துக் கலக்க வேண்டும். அதற்கென்றே வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று, அதன் அடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. காலை பத்திலிருந்து மூன்று மணி வரைக்கும்தான் அங்கே நிறம் பார்ப்பது. அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. சந்தேகம் இருக்கிற தோல் லாட்டின் மேல் சாக்பீஸால் 'காலையில் பார்க்கவும்' என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

காரணம் இல்லாத பிடிவாதம் இல்லை அது. டியூப் லைட்டுக்குக் கீழே ஒன்றுபோல இருக்கிற இரண்டு நிறங்கள் வெளிச்சத்துக்கு வந்ததும் சொத்துத் தகராறில் இருக்கிற பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும். பினிஷிங் பிரிவில் இருக்கிற கடைசி ஆளுக்கும் இது தெரியும். அருணகிரிக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒரு நாள் சாயந்தரம் ஆறரை மணிக்கு, அவள் சாக்பீஸால் எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டு, டியூப் லைட்டில் பார்த்து, "சரியாத்தான் இருக்கு, அனுப்பு" என்றார். லாட் மொத்தமும் ஷேடு வேறு என்று திரும்பி வந்தது. கலர் கலந்தவள் கேத்தரின். அதனால் கண் போனதும் கேத்தரினுக்குத்தான்.

அவள் கோபத்தில் சோறு இறங்காமல் கிடந்தாள் என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற தொழிற்பேட்டை ஆண்டு விழாவுக்கு ஒரு விமானம் முடிக்க வேண்டியிருந்தது.

கொரோனா சமயத்தில் தொழிற்சாலை மூடிக் கிடந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கை சும்மா இருக்க மறுத்தது. போனில் யாரோ பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டி, பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தாள். 'இது நாம தெனம் செய்யற வேலைதானே, தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக்கு' என்று ஆரம்பித்தவள், இதுவரை நாலு விமானம் முடித்துவிட்டாள். ஐந்தாவது இது, மிக் இருபத்தொன்று என்கிற போர் விமானம். முழங்கை நீளம்கூட இல்லை. மேலே இரண்டு பச்சையில் கேமோஃப்ளாஜ், வயிற்றுப் பக்கம் வெளிர் நீலம்.

அந்த இரண்டு பச்சைக்குத்தான் இரண்டு மாதம் போனது. ஒன்று புளியந்தழை முற்றின பச்சை, இன்னொன்று பழுப்பு ஓடின பச்சை. கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் இருப்பது தெரியக்கூடாது என்பதற்காக அடிக்கிற நிறம், பளிச்சென்று அடித்தால் அது கல்யாண வீட்டுக் கார். காகிதத்தை மேகம் மேகமாக வெட்டி, றெக்கையில் ஒட்டிவிடாமல் நூல் அளவு தூக்கி நிறுத்தி, அதன் மேல் சின்ன ஸ்ப்ரே கன்னால் அடித்தாள். அப்படி அடித்தால்தான் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் இல்லாமல் லேசாகக் கரையும். வீட்டிலும், லீவு நாட்களில், சன்னலோரம்தான் உட்காருவாள், பத்திலிருந்து மூன்று வரைதான். மூன்று அடித்ததும் விமானத்தைத் துணி போட்டு மூடிவிடுவாள். விளக்கைப் போட்டு அதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கணவர் ஜெஸ்டன் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை முடிந்து ராத்திரி வந்து, "காட்டேன்" என்று கேட்டால், "காலைல பாருங்க" என்று அவருக்கும் அதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ப்ரே பிரிவில் வேலை செய்கிற சோபனாவின் வண்டியில் விழா நடக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போனாள். ஏ.சி. போட்டதால் சன்னல் எல்லாம் சாத்தி, திரை வேறு இழுத்துவிட்டிருந்தார்கள். ஊழியர்கள் செய்த கைவேலைகள் வரிசையாக மேசை மேல் இருந்தன. பார்வையிட்டு மார்க் போட இரண்டு பேர். ஒருவர் மேல்விஷாரத்தில் ஓவியம் சொல்லித்தரும் புஷ்ரா டீச்சர். இன்னொருவர், கேட்பானேன், அருணகிரி. பார்வையிட ஆரம்பித்த பிறகு பொருளைத் தொடக்கூடாது, தொட்டால் போட்டியிலிருந்து நீக்கம் என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள்.

அருணகிரி விமானத்துக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"இன்னா கேத்தரின், கேமோஃப்ளாஜ்னு அட்டைல எழுதி வெச்சிருக்க. அப்டின்னா ரெண்டு கலர் வேணும்ல? ஒரே பச்சைய முழுசா அடிச்சி வெச்சிருக்கியே." பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னா இவங்களுக்குக் கோவம் ஜாஸ்தி வருது. கண்ணு போச்சுன்னு சொன்னனா இல்லியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். புஷ்ரா டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணாத்தான் தெரியுதும்மா" என்றார் சங்கடத்தோடு.

கேத்தரின் பார்த்தாள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு மாதம் உயிரை விட்டுக் கலந்த இரண்டு பச்சையும் ஒரே பச்சையாகப் படுத்துக் கிடந்தன. நிஜமாகவே கண் போய்விட்டதோ, இத்தனை நாளும் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தக் கடிதத்தில் இருப்பது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபடியே தலையை நிமிர்த்தினாள். மேலே வரிசையாகப் பன்னிரண்டு டியூப் லைட் எரிந்தது.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அதுவும் முதலில் தன் மேல்தான். ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறவள், இருட்டு மண்டபத்தில் வைக்கப்போகிறோமே என்று ஒரு தடவை விளக்குப் போட்டுப் பார்க்கவில்லையே. அப்புறம் அந்தக் கோபம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் விமானத்தைக் கையில் எடுத்தாள்.

"தொட்டா அவுட்டும்மா. ரூல் தெரியும்ல?" என்றார் அருணகிரி.

"அவுட்னா அவுட் சார். இது இன்னா டியூப் லைட்டுக்குக் கீழயா பறக்குது?"

கூட்டம் வழி விட்டது. வாசல் பக்கம் வெயில் நேராக அடித்தது, அங்கே அவள் நிற்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கச் சுவரோரம் போய், செருப்பு விடுகிற படியின் மேல் கைக்குட்டையை விரித்து விமானத்தை வைத்தாள். பின்னாலேயே புஷ்ரா டீச்சரும் சோபனாவும் வந்தார்கள். சிரித்த நாலைந்து பேரும் வந்தார்கள். வேறு வழியில்லாமல் அருணகிரியும் வந்தார்.

றெக்கை முழுக்க இரண்டு பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடந்தன. ஓரங்கள் கரைந்திருந்தன. பக்கத்துச் செடிப் புதரையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்த ஒருவர் யாரும் கேட்காமலே தலையை ஆட்டினார்.

"ரெண்டு" என்றார் புஷ்ரா டீச்சர். "ரெண்டேதான். உள்ள நான் தப்பா சொல்லிட்டேன்மா."

"நீங்க தப்பா சொல்லல டீச்சர். உள்ள எனக்கே ஒண்ணாத்தான் தெரிஞ்சுது." கேத்தரின் கைப்பையைத் திறந்தாள். பத்து நாளாக அவளோடு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த இரண்டு தோல் துண்டுகளை எடுத்து விமானத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையும் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. இதுல செகப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"அது திரும்பி வந்த லாட்டு. இது மாஸ்டர் கட்டிங்கு."

"இதெல்லாம் கம்பெனி விஷயம். இங்க எதுக்குப் பேசற?" அருணகிரியின் குரல் இறங்கியிருந்தது.

"என் கண்ணு மட்டும் ஊர் விஷயமா சார்? உள்ள அத்தன பேருக்கு முன்னாடி சொன்னீங்களே."

சோபனா அதற்குள் இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினாள். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "உள்ள போனா ஒண்ணு, வெளிய வந்தா ரெண்டு" என்றாள். அவ்வளவுதான். துண்டுகள் கை மாறின. ஆளாளுக்கு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அரை மணி நேரம் அதுவே விழாவாக இருந்தது. மேடையில் பாட்டுப் பாட வந்தவர்கூட மைக்கை வைத்துவிட்டு ஒரு தடவை போய் வந்தார். அருணகிரி முகத்தில் ஈயாடவில்லை.

கேமோஃப்ளாஜ் விமானம் விதிப்படி நீக்கப்படுகிறது என்று மைக்கில் அறிவித்தார்கள். கேத்தரின் கேட்டுக்கொண்டே விமானத்தைத் துணியில் சுற்றினாள். பிறகு பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டின் மேல் எழுதி, மடிக்காமல் அருணகிரியிடம் நீட்டினாள். 'காலையில் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணி ஷிப்டுக்கு அவள் பேக்கிங் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்ச் சன்னல் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளுக்குள் பதற்றம் இல்லாமல் இல்லை. விமானத்தை எடுத்துச் சன்னல் கட்டையில் வைத்தாள். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

ஒன்பதரைக்கு அருணகிரி வந்தார். கையில் கடிதம் இல்லை. புதிதாக ஒரு மாஸ்டர் கட்டிங்கும், ராத்திரி ஷிப்டில் ஸ்ப்ரே அடித்த தோல் ஒன்றும் இருந்தன. விமானத்தைப் பார்க்காத மாதிரி மேசை மேல் இரண்டையும் வைத்தார்.

"இது அர்ஜென்ட்டு. கொஞ்சம் பாத்து சொல்லிடு" என்றார்.

கேத்தரின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து ஆவட்டும் சார்" என்றாள்.