அக்காவின் வலது கை

மூன்றாம் கட்டிலின் கேஸ் ஷீட்டில் இருந்த பெயரை நர்ஸ் இரண்டாம் முறை படித்தாள். பதினோரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அவளுடைய சொந்த அக்கா. ஈரல் கெட்டு, மூன்று நாளாக ஓயாத வாந்தி. உடனே சலைன் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். கூட டூட்டி பார்த்த சிஸ்டர் ஆபரேஷன் கேஸோடு போயிருந்தாள்.

அம்மா இறந்த அன்று அக்கா விட்ட ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். நர்ஸாக இருந்தும் பெற்றவளைக் காப்பாற்றத் துப்பில்லை என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டாள். அதோடு போக்குவரத்து அற்றுப்போயிற்று.

ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அக்கா பாதி ஆளாகியிருந்தாள்.

"உங்க பேரு, வயசு சொல்லுங்க."

அக்கா கண் திறந்து பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேக்கணும்."

அக்கா சொன்னாள், அப்பா பெயரையும் சேர்த்து. ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இல்லையென்று தலையசைத்தாள். எந்தக் கைப்பழக்கம் என்று மட்டும் தங்கை கேட்கவில்லை. இடக்கைக்காரி என்று தெரியும். வலது கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாட்டிலின் தேதியைப் படித்து, வெளிச்சத்தில் தூக்கித் தெளிவாயிருக்கிறதா என்று பார்த்தாள். குழாயில் ஒரு குமிழி மிச்சமில்லாமல் சலைனை ஓடவிட்டாள். கை கழுவி, உறை மாட்டி, அக்காவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஸ்பிரிட் துடைத்த இடம் காயும்வரை பொறுத்திருந்தாள். ஊசி இறங்கியது, ரத்தம் எட்டிப் பார்த்தது, மறுகணமே தோல் உப்பிக்கொண்டது. நரம்பு உடைந்துவிட்டது. பட்டையை அவிழ்த்து ஊசியை எடுத்தாள்.

துளையில் பஞ்சை வைத்து அழுத்தினாள். மற்ற சிஸ்டர் வந்ததும் போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"நீயே போடு," என்றாள் அக்கா. "அம்மாவுக்கும் நீதானே போட்டே."

புது ஊசி, முன்னதைவிடச் சற்று மேலே. இந்தத் தடவை நரம்பு இடம் கொடுத்தது. பட்டையைத் தளர்த்தி, பிளாஸ்டிக் குழலை மட்டும் உள்ளே விட்டு ஊசியை உருவி அதற்கான டப்பாவில் போட்டு, சலைன் குழாயை மாட்டி, ஒட்டுப்போட்டுத் தேதியும் நேரமும் எழுதினாள். கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

"அன்னிக்கு யாரையாவது திட்டணும்போல இருந்துது," என்றாள் அக்கா. "நீ பக்கத்துல நின்னே."

தங்கைக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

ஐந்தாம் நாள் முற்பகலில் அக்கா போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் ஹாஸ்டலில் இருந்தாள். பரீட்சை முடிந்து சனிக்கிழமை வருவதாக இருந்தது. அக்கா வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மகளின் நம்பரைப் போட்டார். மணி அடித்ததும் போனைக் கொழுந்தியாளிடம் நீட்டினார்.

"சித்தி பேசறேன்மா."

"எந்தச் சித்தி?"

குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தியபோது அவளுக்கு வயது ஐந்து.

"உங்கம்மாவோட தங்கச்சி," என்றாள் நர்ஸ். பக்கத்தில் தோழி யாராவது இருக்கிறாளா, இருந்தால் அவளை வந்து உட்காரச் சொல் என்றாள். அந்தத் தோழி வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, விஷயத்தைச் சொன்னாள்.