கிராம்பு மணக்கும் கடவாய்ப்பல்

சித்தி வாயைத் திறந்ததும் குப்பென்று கிராம்பு வாசனை அடித்தது. சின்ன டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

அந்தப் பல் கிளினிக்கில் அவளுக்குப் பெயர் சின்ன டாக்டர். பல் சுத்தம் செய்வதும், அழுகிற பிள்ளைகளைப் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பதும் அவள் வேலை. சொத்தை அடைப்பது பெரிய டாக்டர் மட்டும்தான். ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தரமாட்டார். யாரென்று சொல்லிக்கொள்ளாமல் அவரிடமே அடைத்துக்கொண்டு போன சித்தி, இன்று அவர் வர நேரமாகும் என்பதால்தான் இவள் கைக்கு வந்து சேர்ந்தாள்.

"கிராம்பு மென்னியா சித்தி?"

"நான் எதுக்குடி மெல்லப்போறேன்? அடைச்ச நாள்லேர்ந்து இந்த வாசனைதான். ஆயுசுக்கும் நிக்கும்னு பெரிய டாக்டரு சொன்னாரு, நல்ல மருந்தா வெச்சிருக்காருன்னு நினைச்சேன்."

கூர்க்கருவியால் லேசாகத்தான் தொட்டாள். அடைப்பு சுண்ணாம்புக் காரை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. பல்லின் நிறத்தில் வைக்கும் பிசின் அடைப்பு மணக்காது, இப்படி உதிரவும் உதிராது; நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். இது கிராம்பு எண்ணெயில் பொடியைக் குழைத்து அப்பும் தற்காலிகச் சமாசாரம். சில வாரம் தாக்குப்பிடித்தால் பெரிது. ஒழுகுகிற கூரைமேல் தார்ப்பாயை விரித்துவிட்டு, வீடே கட்டிக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

"இதோட மூணாவது தடவை விழுது," என்றாள் சித்தி, திருடிப் பிடிபட்டவள் போல. "தப்பு என் மேலதான். இஸ்திரிக் கடையில நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டு அவசரமா மெல்றேன். மெதுவா மெல்லத் தெரியாதான்னு அவரும் திட்டினாரு."

திட்டினாராமே!

படிக்கும் காலத்தில் அவள் முதன்முதலில் பல் எண்ணிப் பழகியது இந்த வாயில்தான். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள் சித்தி. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம் அப்படித்தான் வந்தது. அந்த வாய்க்கா இந்தக் கதி?

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தது. நரம்புக்கு நூலிழைதான் பாக்கி. இன்னொரு அடைப்பு விழுந்தால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்.

"சித்தி, வெள்ளி அடைப்பு வைக்கிறேன்."

"அந்தக் கறுப்பா இருக்குமே, அதுவா?" சித்தி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டி, ஊரான் எனக்கு வெள்ளையா வெச்சான். நீ படிச்சுக் கிழிச்சு எனக்குக் கறுப்பா? இஸ்திரிக்காரிக்கு இது போதும்னா?"

"வெள்ளையா வெச்சானே, நின்னுச்சா? பிசின் ஒட்டணும்னா பல்லு சொட்டு ஈரமில்லாம காயணும். உன் சொத்தை ஈறுக்குள்ள கிடக்கு, ரத்தமும் எச்சிலும் ஊறிக்கிட்டே இருக்கும். கண்ணாடித் தூள் சிமெண்ட் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒட்டும், ஆனா நீ மெல்ற மெல்லுக்குத் தேஞ்சு போயிடும். வெள்ளிதான் ரெண்டையும் தாங்கும்."

"விஷம்னு சொல்றாங்களே."

"பாதரசம் இருக்கு, இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். அதனாலதான் சின்னப் பிள்ளைங்களுக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும் வைக்கிறதில்ல. நீ இப்ப எந்தக் கணக்குல வர்ற?"

"சீ, போடி. சிரிச்சா தெரியுமேன்னு பார்க்கிறேன்."

"கடைசிக் கடவாப்பல்லு சித்தி. அதைப் பார்க்கணும்னா ஒருத்தன் டார்ச்சோட உன் வாய்க்குள்ள குடி வரணும்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயைப் பாரு வாயை. சரி, வெச்சுத் தொலை."

விளம்பரப் படத்தில் அழகாக இருக்காது என்று பின் அலமாரியில் ஒதுக்கிய வெள்ளிக் குப்பிகளை எடுத்துவந்தாள். காலாவதித் தேதி தாண்டவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லைச் சுற்றி உலோகப் பட்டையை இறுக்கி, வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிரப்பினாள். பட்டையைக் கழற்றி மேல்பக்கத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது, நம்ம கிளினிக்ல வெள்ளியா?"

"நீங்க வெச்ச கிராம்பு சிமெண்ட்டை எடுத்துட்டு வெச்சேன் சார். மூணு தடவையும் அதையே வெச்சு, நிரந்தரம்னு சொல்லியிருக்கீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பத்து நிமிஷத்துல வேற என்ன வைக்க முடியும்? இவங்களுக்கு வெள்ளையாத் தெரிஞ்சா போதும்மா. விழுந்தா மறுபடி வரப்போறாங்க."

"இவங்க என் சித்தி."

அவர் முகம் வாடியது. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் கொடுமை. "அடடா, உங்க ஆளா? முன்னாடியே சொல்லியிருந்தா நல்லதா வெச்சிருப்பேனே!"

ஆக, நல்லது இந்த அறையிலேயே இருந்திருக்கிறது. அதை வைக்க அவருக்குத் தெரிந்தும் இருக்கிறது. நாற்காலியில் படுத்திருப்பது யாருடைய ஆள் என்று பார்த்துத்தான் கை நீண்டிருக்கிறது.

அவள் மறுபடி பல்லின் மேல் குனிந்தாள். செதுக்கி முடித்தாள். "மெதுவாக் கடி சித்தி. உசரமாத் தட்டுதா? இல்லையா? இன்னிக்கு அந்தப் பக்கம் மெல்லாதே." பிறகு கையுறையை உருவிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுக் காத்திருப்பு அறைக் கதவை அகலத் திறந்தாள்.

"வேலையில நீடிக்கிற எண்ணம் இருக்கா இல்லையா?" என்றார் பெரிய டாக்டர் பின்னாலிருந்து.

"இங்க வெள்ளையா அடைச்சுக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?" அவள் குரல் தெருவரைக்கும் போனது. "வாயில கிராம்பு வாசனை அடிக்குதா?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு அடிக்குதும்மா. நல்ல மருந்துன்னுல்ல நினைச்சேன்?"

"நானும் அப்படித்தான்யா நினைச்சேன்," என்றாள் சித்தி உள்ளேயிருந்து, மரத்த வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள. "எந்திரிச்சு வா. வந்து இவகிட்ட வாயைக் காட்டு."

அவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தியும் எழுந்தாள்.