பூத்த தக்கைப்பூண்டும் வெள்ளிக்கிழமையும்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. ஒரு விவசாய மாத இதழில் பசுந்தாள் உரத்தைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். காரைக்கால்காரனுக்குக் கடல் தெரியும், கருவாடு தெரியும், உரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் வரியை எழுதிவிட்டேன்: 'தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற செடிகளை வளர்த்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்வளம் கூடி, அடுத்து வரும் மக்காச்சோளம்...'

அதோடு நின்றது. விவரம் கேட்கப் போன இடத்தில் வயல்காரி சித்திக்கா என்னையே கேட்டாள்: "பூத்த பொறவு ஒரு மாசம் மடக்காம நிக்க விட்டா என்னங்க ஆவும்?"

தண்டு முற்றி விறகாகிவிடும், சீக்கிரம் மக்காது, மண்ணுக்குப் பிரயோசனமில்லை என்று பெரிய இவனாட்டம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான்.

2

தொடக்கம் ஒன்று: 'கடல் உள்ளே வந்த அந்த மார்கழி ஞாயிறன்று...' (அடித்துவிட்டேன். இந்தக் கரையில் அதை எழுதாத ஆள் யார்?)

தொடக்கம் இரண்டு: 'மஞ்சள் பூக்கள் காற்றில் அவளைத் தலையசைத்து...' (சீ.)

(அடித்த வரிகளும் ஒருவகைப் பசுந்தாள் உரம்தானே என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதக் கை அரிக்கிறது. மாட்டேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருமலைராயன்பட்டினத்துக்கு வெளியே, பட்டினச்சேரி போகிற பக்கம், சித்திக்காவின் வாப்பா அவளுக்குக் கல்யாணத்தில் கொடுத்த வயல். பத்திரம் மாப்பிள்ளை காஜா நஜ்முதீன் பேரில். சுனாமியில் கடல்நீர் ஏறிய பிறகு ஒரு போகம் உருப்படவில்லை. காஜா ஷார்ஜாவிலிருந்து போன லீவில் வந்து பார்த்தபோது வயல் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. "இது செத்த மண்ணு புள்ள. எறா குட்டைக்குக் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

குட்டை வெட்டி உப்புத் தண்ணீர் கட்டினால் அந்த இடம் லேசில் மறுபடி வயலாகாது. அது சித்திக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் பூவம் என்ற ஊரில் ஒருவர் தக்கைப்பூண்டை மடக்கி உழுது மக்காச்சோளம் எடுத்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். மழை உப்பைக் கொஞ்சம் கழுவியதும் விதை வாங்கி விசிறினாள். 2007 தை மாதம் அந்த வயலில் தோளுயரப் பச்சை நின்றது.

3

அப்போதுதான் போன் வந்தது. காஜா வெள்ளிக்கிழமை வருகிறார், இறால் குட்டைக்காரரோடு, கையெழுத்துப் போட.

"வயலு பச்சையா நிக்கிது மச்சான். மக்காச்சோளம் போடப் போறேன். விக்க வேணாம்."

"உப்புக் காட்டுல பச்சையா? கண்ணால பாக்காம நான் எதையும் நம்பறதில்ல."

"அப்ப வந்து பாருங்க."

"பச்ச நின்னா விக்கல, போ" என்று அவர் சிரித்தார். சித்திக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை டிராக்டர்காரர் சோமு வரப்பில் வண்டியை நிறுத்தினார். "இன்னிக்கு விட்டா கெடைக்காதுக்கா. நாளையிலேருந்து வண்டி அறுப்புக்குப் போயிரும். எல்லா வண்டியும் அப்படித்தான். ஒரு மாசம் ஆவும்."

முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. நிறுத்தி வைத்தால் காஜா நம்புவார், மண் தேறாது. மடக்கினால் மண் தேறும், காஜாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.*

* போட்டோ எடுத்து வைத்தால் போயிற்று என்கிறீர்கள். "யாரு வயல எடுத்தே?" என்பார். அவரை நான் இன்னும் நன்றாக எழுதியிருக்க வேண்டும்.

4

முடிவு (அ): மடக்கவில்லை. காஜா பார்க்கிறார், மனம் இளகுகிறது, குட்டைக்காரர் திரும்பிப் போகிறார். தண்டு விறகாகிறது. மக்காச்சோளம் முழங்காலுயரத்தில் வெளிறி நிற்கிறது. அடுத்த லீவில் குட்டைக்காரரே முதலில் வருகிறார்.

முடிவு (ஆ): மடக்குகிறாள். வெள்ளிக்கிழமை வயலில் வெறும் சேறு. காஜா மூக்கைப் பொத்திக்கொண்டு...

முடிவு (இ): ஓரத்தில் நாலு வரிசை விட்டு மற்றதை மடக்குகிறாள். (மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை. ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான்.)

மூன்றையும் எழுதிக்கொண்டு வரப்புக்குப் போனேன். கதைக்குள் கதாசிரியன் நுழையக் கூடாது என்பார்கள், நுழைந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சோமு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திக்கா செடிக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றாள். படித்துக் காட்டினேன்.

"ஓரத்துல விட்டா?" என்றாள். "ஓரத்துலதான் மொளச்சிது, நடுவுல வெந்து போச்சு, அத மறைக்கத்தான் உழுதுட்டேம்பாரு. அவரோட இத்தன வருசம் இருந்தவ நான்."

"அப்ப முதல் முடிவு. இந்த வெள்ளிக்கிழமையாவது தப்பிக்கும்."

"தப்பிச்சு? அடுத்த லீவுல அவருக்கு நான் எதக் காட்டுறது?" பக்கத்துச் செடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் மேல் எரிச்சல் என்று நினைத்தேன், பயம்தான். "எழுதுற ஒங்களுக்கு மூணு முடிவு இருக்குங்க. எனக்கு வயலு ஒண்ணுதான்."

பிறகு சோமுவைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"இறக்குங்க."

பூவோடு சேர்ந்து பச்சை மண்ணுக்குள் போயிற்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசிச் சால்வரை பார்த்தாள். நான் எழுதிக்கொண்டு போன காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

5

வெள்ளிக்கிழமையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் காஜா நல்லவராகவோ கெட்டவராகவோ ஆகிவிடுவார், நீங்களும் உச்சுக்கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். அப்படி உங்களை விட எனக்கு மனசில்லை.

ஆகவே வரப்பில் காஜாவின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, ஜும்மா தொழுகைக்கு நேரமாகிறது. எதிரே கறுத்த சேறும் அழுகல் வாடையும். பச்சை எதையும் நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை. நான் சொல்லக் கேட்டதுதான், நானோ கதை கட்டுகிறவன். பக்கத்தில் சித்திக்கா நிற்கிறாள். "உள்ள இருக்கு மச்சான்" என்கிறாள்.

இறால் குட்டைக்காரர் மூடியைக் கழற்றிப் பேனாவை உங்கள் கையில் கொடுக்கிறார்.