சுற்றாத கிராங்க்

ஜெகதீசன் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, தார்ப்பாய்க்கு அடியில் அவனுடைய தண்ணீர் லாரியின் எஞ்சின் மொத்தமும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிஸ்டன் ஆறுக்கும் சந்தனம், குங்குமம். பல்சக்கரங்களுக்கு மேல் சாமந்திப்பூ. நடுவில் பூசணிக்காய். அதைச் சுற்றி ஏழு இரும்பு கேப்புகள், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி அழகாக.

அவன் குனிந்து ஒரு கேப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"ஜெயா, இதுல நம்பர் எழுதி வெச்சிருந்தேனே, எங்க?"

"சாக்பீஸ்ல கிறுக்கி இருந்துச்சே, அதுவா?" மனைவி ஜெயப்பிரியா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். "சோடா மாவு போட்டு தேச்சேன் பாரு மாமா, ஒரு பொட்டு எண்ணெ இல்ல. புதுசு கணக்கா கீது."

"அய்யோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

கிராங்க் என்பது எஞ்சினுக்கு முதுகெலும்பு. அது ஏழு இருக்கைகளில் கிடந்து சுற்றும். ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே மூடியாக ஒரு கேப். இருக்கையையும் கேப்பையும் சேர்த்து வைத்துத்தான் துளை கடைந்திருப்பார்கள். அதனால் ஒன்றின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. மாற்றிப் போட்டால் கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்று, இரண்டு என்று சாக்பீஸால் எழுதி வைத்தவன் அவன்தான். நேற்று கேஸ்கட் வாங்கச் செங்கல்பட்டுக்குக் கிளம்பும்போது, "ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தமா கழுவி பொட்டு வெச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனவனும் அவன்தான்.

சனிக்கிழமை காலை லாரி தண்ணீரோடு படூர் அபார்ட்மெண்டில் நிற்க வேண்டும். எஞ்சின் சூடேறி நின்றுபோனதிலிருந்து அபார்ட்மெண்ட்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டார்கள். சனிக்கிழமையும் வராவிட்டால் அந்த இடம் ரமேஷின் லாரிக்கு. ரமேஷ் அவனுடைய பழைய முதலாளி. அவரிடம் டிரைவராக இருந்தது போதும் என்றுதான் ஜெகதீசன் இந்தப் பழைய வண்டியை வாங்கினான். அவனுக்கு இருப்பது அந்த ஓர் அபார்ட்மெண்ட்தான். அது போனால் சொந்த லாரி என்ற பேச்சும் போயிற்று. மெக்கானிக் கடையில் விட்டால் தீபாவளி தாண்டிவிடும் என்றுதான் வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டான்.

ஜெகதீசன் போன் செய்ததும் மாமல்லபுரத்திலிருந்து மோசஸ் வந்தான். கூடப் படித்தவன், கடலோரத்தில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். கேப்புகளைப் பார்த்தான், ஜெகதீசனைப் பார்த்தான்.

"சாக்பீஸா? பஞ்ச் வெச்சி இரும்புலயே நாலு புள்ளி தட்ட கை இல்லியாடா ஒனுக்கு? இன்னா, எஞ்சினுக்கு பாடம் நடத்தினு இருந்தியா?"

"வாயப் புடுங்காத மச்சான். இப்ப இன்னா பண்றது சொல்லு."

"மாட்டிப் பாக்கறதுதான். ஸ்பேனர எடு."

ஸ்பேனர்கள் சாமி படத்தின் முன்னால் இருந்தன. ஜெயப்பிரியா குறுக்கே வந்து நின்றாள். "பூஜையில வெச்சத நாளைக்கு காலையிலதான் எடுக்கணும். இன்னிக்கு தொட்டா வெளங்காதுண்ணா."

"என் சாமிக்கு இன்னிக்கு லீவு இல்லம்மா. நான் எடுக்கறேன், பாவம் என் கணக்குல போவட்டும்" என்று மோசஸ் பொட்டு வைத்த ஸ்பேனர்களை அள்ளினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எஞ்சின் பிளாக்கைக் கட்டைகளின்மேல் கவிழ்த்துக் கிராங்கைக் கிடத்தினார்கள். முதலும் கடைசியும் நடுவும் வேறு வேறு அமைப்பு. அந்த மூன்றும் உடனே தெரிந்துவிட்டன. மிச்சம் நான்கும் ஒரே அச்சு. மோசஸ் ஒவ்வொன்றாக உட்கார வைத்து, சேருமிடத்தில் நகத்தால் தடவிப் பார்த்தான். நகம் தட்டினால் அது இல்லை. தட்டாவிட்டால் இருக்கலாம். பிறகு முறுக்க வேண்டும், கடப்பாரையைக் கொடுத்துக் கிராங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் கழற்றி, மாற்றி, மறுபடி முறுக்க வேண்டும்.

வெயில் உச்சிக்கு வந்தது. பக்கத்து வீடுகளில் பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே யாரும் எதையும் வாயில் போடவில்லை. ஜெகதீசனின் கையில் தோல் உரிந்து குங்குமமும் ரத்தமும் கலந்து ஒட்டின. எத்தனையாவது தடவை என்ற கணக்கே போய்விட்டது.

ஒரு வரிசையில் கிராங்க் அசைந்தது. முக்கால் சுற்று வந்தது. ஜெயப்பிரியா வாசற்படியிலிருந்து எழுந்துவிட்டாள். அப்புறம் ஓரிடத்தில் டக்கென்று நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து கடப்பாரையில் தொங்கியும் நகரவில்லை.

"ஒன் பூஜையால வந்த வென!" ஜெகதீசன் கடப்பாரையை வீசினான். "குடியே கெட்டுது போ!"

"நீதான கழுவ சொன்ன?" ஜெயப்பிரியா படியிறங்கி வந்தாள். "நம்பர் முக்கியம்னா ஒரு வார்த்த சொல்லிட்டு போவ கூடாதா? எனுக்கு இன்னா எஞ்சினா தெரியும்?"

"அவள இன்னாத்துக்கு திட்டற?" என்றான் மோசஸ். "இதான் சரியான வரிசயோ இன்னாவோ. வண்டி ஹீட்டாயி நின்னுச்சே, அதுல பிளாக்கே வளைஞ்சி இருந்தா? எப்டி மாட்டுனாலும் இப்டித்தான் புடிக்கும். யாரு கண்டா?"

"அப்ப?"

"மறுபடி லைன் போரிங் போட்டு ஏழு தொளையையும் ஒரே நேரா கடையணும். செங்கல்பட்டு லேத்துலதான். பூஜ முடிஞ்சி தொறந்து, ஒன் முற வந்து... மாசக் கடைசி ஆவும். இல்லன்னா வேற ஒண்ணு கீது." அவன் குரலைத் தாழ்த்தினான். "கேப்புக்கு அடியில மெல்லிசா தகடு வெச்சி தூக்கிடலாம். கிராங்க் சுத்தும். சனிக்கெழம வண்டி நிக்கும்."

"ஓடுமா?"

"ஓடும். எவ்ளோ நாளுன்னு கேக்காத."

ஜெகதீசன் தகடு வெட்ட ஒரு டின்னைக்கூட எடுத்துவிட்டான். கத்தரிக்கோலை ஒரு முறை அழுத்தியவன் நிறுத்தினான். முழுத் தண்ணீரோடு நாவலூர் சிக்னலில் கிராங்க் உடைந்தால்? உடைந்த கிராங்க் பிளாக்கையும் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அப்புறம் இந்த எஞ்சினைக் காயலான் கடைக்காரன்கூடக் கூட்டித்தான் அள்ள வேண்டும். இப்போது படூர் மட்டும்தான் போகும். அப்போது லாரியும் போகும்.

டின்னைக் கீழே போட்டான்.

அபார்ட்மெண்ட் செகரட்டரி பார்த்தசாரதிக்குப் போன் செய்தான். எஞ்சின் பிரிந்து கிடக்கிறது, சனிக்கிழமை வர முடியாது என்றான். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "சரிப்பா, நான் ரமேஷ்கிட்டச் சொல்லிடறேன். எங்க சம்ப்புத் தொட்டி மூடி ஒரு மாதிரி, உனக்குத்தான் தெரியும். அவருக்கு விவரம் சொல்லிடு" என்று வைத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் ரமேஷே கூப்பிட்டார். ஜெயப்பிரியாவுக்கும் கேட்கட்டும் என்று ஜெகதீசன் ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னா ஜெகா, வண்டிய பிரிச்சி கொலு வெச்சிட்டியாமே?"

"ஆமாண்ணே." அவன் சிரிக்கவில்லை. "சம்ப்பு எடப்பக்க மூடி தொறக்காதுண்ணே. வலப்பக்கத்துத கம்பி போட்டு நெம்பணும். ஓஸ் பைப்ப மெதுவா தொறக்கணும், இல்லன்னா மோட்டார் ரூம்ல தண்ணி ஏறிடும்."

"இத்தெல்லாம் நான் யாருகிட்ட சொல்ல? எனுக்கு வண்டி ரெண்டு கீது, டிரைவர் ஒர்த்தன்தான். நீயே சனிக்கெழம என் வண்டிய எடுத்துனு போயேன். ஒனுக்கு தெரிஞ்ச எடந்தான?"

மோசஸ் கேப்புகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். ஜெயப்பிரியா வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை, சரி என்றும் ஆட்டவில்லை. ஜெகதீசன் கையிலிருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன்ல கீறியா ஜெகா?"

"கீறேண்ணே" என்றான் ஜெகதீசன். "வண்டிய எத்தினி மணிக்கு எடுக்கணும்?"